குலுக்கத் தேவையில்லை

நிறுவனம் அவருக்குக் கொடுத்திருந்த பதவிப் பெயர் 'சமநிலைப் பராமரிப்பாளர், இரண்டாம் நிலை'. முதல் நிலையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. என்ன உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்லுவார். ஏதோ பெரிய வேலை போலிருக்கிறது என்று அவர்களும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். உண்மையில் அவர் ஒரு ஜாடியைக் குலுக்கினார். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை, பெரிய மனிதர்கள் வரும்போதெல்லாம் குலுக்குவார். கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் குலுக்கி என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நிறுவனத்தின் பெயர் கலப்புத் தர நிறுவனம். பெயிண்ட், பூச்சிமருந்து, தலைக்குத் தேய்க்கும் தைலம், குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப் என்று எந்தத் திரவமானாலும் அங்கே வந்து 'நன்கு கலந்துள்ளது' என்று முத்திரை வாங்காமல் கடைக்குப் போக முடியாது. முகப்புக் கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி, இரும்புச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி மஞ்சள் எண்ணெய், பாதி நீலச் சாயம் போட்ட தண்ணீர். பின்னால் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டினால் இரண்டும் குழம்பி அழகான பச்சையாகிவிடும். கீழே பித்தளைத் தகட்டில் 'ஒருமை' என்று பொறித்திருந்தார்கள். மணி அடித்தால் குலுக்க வேண்டும். விருந்தாளி உள்ளே வந்து, பச்சையைப் பார்த்து, "அடடா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போவார். அவர் படியேறி முடிப்பதற்குள் ஜாடியின் மேல்விளிம்பில் மஞ்சள் கோடு கட்ட ஆரம்பித்துவிடும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எண்ணெயும் தண்ணீரும் ஏன் சேருவதில்லை என்று குலுக்கிக்கு ஒரு தடவை விளக்கிச் சொன்னவர் நாலாவது மாடி முனைவுப் பிரிவில் இருந்த வேதியியல்காரம்மா. டீ குடிக்க இறங்கி வருகிறவர் ஜாடிக்குப் பக்கத்தில் நின்று பேசுவார்.

"தண்ணியோட மூலக்கூறு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனை இருக்கு. ஒரு பக்கம் லேசா நேர் மின்சுமை, இன்னொரு பக்கம் லேசா எதிர் மின்சுமை. இதோட அந்தப் பக்கத்தை அதோட இந்தப் பக்கம் பிடிச்சுக்கும். அப்படியே எல்லாம் கைகோத்துக்கிட்டு நிக்கும். எண்ணெய்க்கு அந்த மாதிரி முனை கிடையாது. பிடிச்சுக்க இடமில்ல. அதனால தண்ணி அதை வெளிய தள்ளிடும். வெறுப்பெல்லாம் இல்லைங்க. தன் ஆளை விட மனசு வராது, அவ்வளவுதான்."

"எங்க மாமனார் வீட்டுக் கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க மேடம். போட்டோவுல கடைசி வரைக்கும் நான் ஓரத்துலதான் நிப்பேன்."

அந்தம்மா சிரித்தார். அந்தக் கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்ட காலம் அது.

பிறகு புது இயக்குநர் வந்தார். உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர், பேசும்போது எதிரே இருப்பவரின் கழுத்துப் பட்டனைப் பார்ப்பவர். முதல் நாளே எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்துப் பேசினார்.

"இங்க முனைவுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்காம். ஒரு மூலக்கூறுக்கு ரெண்டு முனை எதுக்குங்க? ஒரே பக்கமா நிக்கத் தெரியாததை வெச்சுக்கிட்டு எப்படி நிர்வாகம் பண்றது? கலக்க மாட்டேன்னு ஒரு திரவம் சொன்னா அது திரவத்தோட குத்தம். கலக்கலைன்னு ஒரு ஆள் சொன்னா அது ஆளோட குத்தம். எனக்கு வேதியியல் தெரியாது. ஒரு நாள் கூடப் படிச்சதில்ல. அதனாலதான் இந்த விஷயத்துல என்னால நடுநிலையா இருக்க முடியுது."

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. முதலில் நிறுத்துகிற ஆள் நாமாக இருக்கக் கூடாது என்று எல்லோரும் நினைத்தால் அப்படித்தான் நீடிக்கும்.

வேதியியல்காரம்மா கையைத் தூக்கினார். "சார், ஒரு சின்ன விஷயம். அந்த ஜாடியைக் கொஞ்ச நேரம் சும்மா நிக்க விட்டுப் பாத்தீங்கன்னா..."

"கண்டிப்பா," என்றார் இயக்குநர், மிகவும் இனிமையாக.

அடுத்த வாரம் நாலாவது மாடியில் அந்த அறை பூட்டியிருந்தது. அந்தம்மாவின் குடை மட்டும் வெளியே ஆணியில் தொங்கியது. எங்கே போனார் என்று குலுக்கி விசாரித்தார். மாற்றலில் போயிருக்கிறார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டார். மாற்றலில் என்றார்கள். அதற்கப்புறம் அந்த வழியாகப் போகிறவர்கள் குடையைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

அதன் பின் சீர்திருத்தங்கள் வரிசையாக வந்தன. சோதனை அறையிலிருந்து நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். உட்கார இடமிருந்தால் ஆட்கள் காத்திருப்பார்கள், காத்திருந்தால் பாட்டிலைப் பார்ப்பார்கள் என்பது காரணம். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். இயந்திரம் பாட்டிலைக் குலுக்கி முடித்ததும் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு முத்திரை மேசைக்கு ஓட வேண்டும். நுரை அடங்குவதற்குள் முத்திரை விழ வேண்டும். ஓடுகிறவர் ஒரு நாள் வழியில் செருப்பு வார் அறுந்து நின்றுவிட்டார். 'திரவத்தை நிற்கவைத்துப் பார்த்தல்' என்று அவர்மேல் குற்றச்சாட்டு எழுதினார்கள். அவர் பாட்டிலைப் பார்க்கவே இல்லை, செருப்பைத்தான் பார்த்தார். விசாரணையில் அதைச் சொன்னபோது, குனிந்திருந்த உயரத்தில் பாட்டில் கண்ணுக்கு நேராக இருந்திருக்குமே என்று கேட்டார்கள். அவரும் மாற்றலில் போனார்.

கடைசியாக மருந்து லேபிள்கள்மேல் கை வைத்தார்கள். அதுவரை சிரப் பாட்டில்களில் 'குடிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. நாம் கலந்திருக்கிறது என்று முத்திரை குத்திய பிறகு குலுக்கு என்று சொல்லுவது நம்மையே அவமானப்படுத்துவது இல்லையா என்று இயக்குநர் கேட்டார். இனி 'குலுக்கத் தேவையில்லை' என்று அச்சிட வேண்டும் என்று உத்தரவானது. வீட்டில் குலுக்குகிறவர் முத்திரையைச் சந்தேகிக்கிறவர், சந்தேகிக்கிறவர்களை நிறுவனம் விசாரிக்கும் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள்.

குலுக்கி இதையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டார். தன் ஜாடி பிரிகிறது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அது ஜாடி. மருந்தை மாடியில் படித்தவர்கள் சோதிக்கிறார்கள். ஆபீஸில் தெரிந்துகொண்டதை ஆபீஸிலேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் அவருக்கு. பலருக்கும் உண்டு.

அவருக்கு ஒரே மகள். ஒன்றாம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்தது. ஒரு சிரப் கொடுத்தார்கள். காலையும் சாயங்காலமும் ஒரு ஸ்பூன் குடித்தால் வலிப்பு வராது. பள்ளிக்கூடம் போவாள், சண்டை போடுவாள், பென்சிலைத் தொலைத்துவிட்டு வருவாள். அந்த ஸ்பூன்தான் அந்த வீட்டை நிமிர்த்தி வைத்திருந்தது.

லேபிள் மாறிய பிறகு வந்த பாட்டிலை, அதில் சொன்னபடி குலுக்காமலே கொடுத்தார்கள். மாற்றம் தெரிந்தது. பாட்டில் திறந்த புதிதில் பெண் எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடும்போதே தட்டில் தலை சாய்ந்தது. எழுப்பினால் கண் செருகியது. பாட்டில் பாதிக்கு வந்தபோது கொஞ்சம் தெளிந்தாள். அடிப்பகுதிக்கு வந்தபோது வலிப்பு வந்தது. ஒரே வாரத்தில் மூன்று தடவை. பிறகு புது பாட்டில் வந்தது, மறுபடி தூக்கம். அது தீரும் சமயத்தில் மறுபடி வலிப்பு. வாயோரம் நுரை தள்ளி, கண் மேலே போய், அந்தச் சின்ன உடம்பு தரையில் துடித்ததை அவர் மனைவி தனியாக இருந்து பார்த்தாள்.

"என்னங்க, இந்த மருந்துல ஏதோ கோளாறு இருக்கு," என்றாள். "மேல இருக்கறப்ப விஷம் மாதிரி வேலை செய்யுது. அடிக்குப் போனா தண்ணி மாதிரி ஆயிடுது."

"எங்க ஆபீஸ் முத்திரை இருக்குல்ல? பாரு, தெளிவா விழுந்திருக்கு."

"முத்திரை தெளிவாத்தான் இருக்கு. நம்ம பொண்ணுதான் தெளிவா இல்ல."

அவர் மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் கடையில் கூட்டம் கலையும் வரை அவரைக் காக்க வைத்தார். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினார். முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. எவ்வளவு பாசமான மனிதர் என்று குலுக்கிக்கு நெகிழ்ந்துபோயிற்று. அவரும் கையைத் தூக்கி டாட்டா காட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். உலகத்தில் வேறு எவனாவது அந்தச் சைகையைப் புரிந்துகொள்ளாமல் போயிருந்தால் மன்னிக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே நாள் முழுக்கச் செய்கிற மனிதர் இவர்.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்துக்கு நிரந்தர அங்கீகாரம் கொடுக்க உயர்மட்டக் குழு வந்தது. கூடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். பெருக்குகிறவர்கள், காவலாளிகள், டிரைவர்கள், டைப் அடிப்பவர்கள் என்று எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்தார்கள். குழு முழுவதும் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்தே பேச்சைக் கேட்கப் போகிறது என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. அப்படியென்றால் பேச்சு முடியும் வரை ஜாடி பச்சையாக இருக்க வேண்டும். கூடத்தைக் கவனிக்கிற பிரிவு அதிகாரியம்மா குலுக்கியை ஜாடிக்குப் பின்புறம் கட்டியிருந்த திரைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"நிறுத்தாம ஆட்டணும். சத்தம் வரக் கூடாது."

"பேச்சு எவ்வளவு நேரம் மேடம்?"

"அது ஐயாவோட மனசுல இருக்கு."

இயக்குநர் ஆரம்பித்தார். ஒருமையின் வரலாற்றைச் சொன்னார், தன் வரலாற்றைச் சொன்னார், இரண்டும் ஒன்றே என்றும் சொன்னார். குலுக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். தோள்பட்டை மரத்துப்போனது. வலது கையை விட்டு இடது கைக்கு மாற்றினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"இந்த நாட்டுல எங்க வேணும்னாலும் போய்ப் பாருங்க," என்றார் இயக்குநர். "எங்க முத்திரை விழுந்த பாட்டில் ஒண்ணு கூட பிரிஞ்சதா புகார் வந்ததில்ல. ஏன்னா, புகார் குடுக்கறதுக்கு நாங்க ஒரு பிரிவு வெக்கவே இல்ல."

அப்போது வாசலில் சலசலப்பு. காவலாளிக்கு முகம் தெரிந்தவள் என்பதால் உள்ளே வந்துவிட்டிருந்தாள். குலுக்கியின் மனைவி. முடி கலைந்திருந்தது, புடவை முந்தானை ஈரமாக இருந்தது. கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில், வீட்டில் தண்ணீர் வைக்கிற வெறும் பாட்டில். பழுப்புப் பாட்டிலில் உள்ளே இருப்பது தெரியவில்லை என்று, அடுத்துக் கொடுக்க வைத்திருந்த புது மருந்தை அதில் ஊற்றி, ஜன்னலில் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் குற்றத்தை அவள் ஒளிக்கக்கூட இல்லை.

"ஐயா, மன்னிக்கணும். காலையில குழந்தைக்கு வலிப்பு வந்து ரொம்ப நேரம் நிக்கவே இல்ல. பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடி வரேன். இந்த மருந்தைப் பாருங்க. மேல எண்ணெய், கீழ வெறும் தண்ணி. ரெண்டா நிக்குது. நல்ல பாட்டிலா ஒண்ணு குடுங்க, போயிடறேன்."

பாட்டிலின் மேல் விளிம்பில் விரற்கடை அளவுக்கு மஞ்சள் நின்றது. திரை இடுக்கு வழியாக அதைப் பார்த்த குலுக்கியின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. அவருடைய ஜாடி. அதையேதான் அவள் சின்னதாகக் கொண்டுவந்திருந்தாள். மருந்துக் கடைக்காரரின் மணிக்கட்டு அவர் கண்முன் வந்தது. பதிலுக்கு டாட்டா காட்டிய தன் கையும் வந்தது.

பிரிவு அதிகாரியம்மா தாழ்ந்த குரலில் இயக்குநரிடம் யோசனை கேட்டார். "சார், வீட்டுல யாராவது குலுக்குனா விசாரிக்கறோம். குழந்தை தானாவே குலுங்குதுன்னா, அது எந்த விதியில வரும்?"

"பாக்கலாம். குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க," என்றார் இயக்குநர். பிறகு குலுக்கியின் மனைவியைப் பார்த்துக் கனிவாகப் புன்னகைத்தார். "மருந்து கலந்துதான் இருக்கும்மா. உங்க பொண்ணு உடம்புதான் மருந்தோட கலக்கல. இங்க கொஞ்ச நாள் விட்டுட்டுப் போங்க. நாங்க சரி பண்ணிடறோம்." திரையை விலக்கினார். "உங்க வீட்டுக்காரர்தானே? வாங்க. நீங்களே சொல்லுங்க. அந்தப் பாட்டில் உங்க கண்ணுக்கு ரெண்டா தெரியுதா?"

குலுக்கி கம்பளத்தில் வந்து நின்றார். ஆமாம் என்றால் மாற்றல். குழந்தையை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிற மாற்றல். இல்லை என்றால் மனைவி பிரிந்த மருந்தையே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

"ஒண்ணாத்தான் தெரியுதுங்கய்யா," என்றார்.

அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கல்யாணமானவர்கள் யாரும் அப்படிப் பார்க்கப்படாமல் இருக்கட்டும்.

அவர் அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். வாங்கியதும் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தோள் உயரத்துக்குத் தூக்கி, பலமாக ஆட்டினார். சுவரோரம் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மஞ்சளும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி வெளுத்து, மேலே நுரை கட்டியது. அதை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இப்படியே கொண்டுபோய்க் குடு," என்றார். "எப்பவும் இப்படியே."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பி ஓடினாள்.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றார் இயக்குநர்.

"பழக்க தோஷங்கய்யா. எதைக் கையில குடுத்தாலும் ஆட்டிடறேன்."

குழுத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். இயக்குநரும் சிரித்தார், பற்கள் மட்டும். இதற்குள் கைவிட்ட ஜாடி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே மஞ்சள், கீழே நீலம், நடுவே கத்தியால் கீறியது மாதிரி ஒரு கோடு. குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"அற்புதம்," என்றார் தலைவர். "எவ்வளவு ஒருமைப்பாடு!" அங்கேயே கையெழுத்துப் போட்டார். மறுபடி வெகுநேரம் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலமே குலுக்கியின் வலது கைக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டு, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைத்தார்கள். தண்டனை இல்லை, பழக்க நிவாரணம் என்று பிரிவு அதிகாரியம்மா விளக்கினார். ஜாடியை இனி யாரும் குலுக்க வேண்டியதில்லை, உயர்மட்டக் குழுவே பார்த்துவிட்டது. வீட்டிலிருந்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பாட்டில் ஒன்றாகத் தெரிந்துவிட்டதால் குழந்தையை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மகள் தேறினாள். தூங்கி வழியவும் இல்லை, விழவும் இல்லை. பென்சில்கள் மறுபடி தொலைய ஆரம்பித்தன. அவர்கள் வீட்டில் மட்டுமல்ல. கூடத்தில் நின்ற காவலாளிகளுக்கும் டிரைவர்களுக்கும் வீடுகள் இருந்தன, அந்த வீடுகளுக்கு அக்கம்பக்கம் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆட்டல் மட்டும் கைக்குக் கை போனது.

மருந்துகள் திடீரென்று ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன என்ற செய்தி நிறுவனத்தைக் கலங்கடித்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். எங்கேயோ குலுக்குகிறார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். அதற்கென்று ஆய்வாளர்களை நியமித்தார்கள். மருந்து கொடுக்கிற நேரத்தில் அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். வந்ததும் பாட்டிலைத்தான் கேட்பார்கள். மேலே நுரை இருந்தால் வீட்டில் ஒரு ஆள் குறைந்தார். அந்தத் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சாயங்காலம் விளக்கு எரிவதில்லை.

ஜனங்கள் புத்திசாலிகள். குலுக்கிவிட்டு நுரை அடங்கும் வரை காத்திருந்து பார்த்தார்கள். நுரை அடங்குவதற்குள் மருந்து பிரிந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் குலுக்கியின் மனைவி ஜன்னலோரம் நின்று பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரைவிட நன்றாகவே குலுக்கினாள். மகள் தரையில் உட்கார்ந்து, செருப்பு விளம்பரத்தில் சிரித்த பெண்ணுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

கதவைத் தட்டினார்கள். மரியாதையாக, இரண்டு தடவை.

"நுரை நிக்குதும்மா," என்றார் அவர், குரல் வெளியே போகாமல். "கொஞ்சம் பொறு. கீழ வெச்சிடு. அடங்கினதும் கதவைத் திறக்கலாம்."

அவள் மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் ஸ்பூன் நிறைய ஊற்றினாள்.

"வாயைத் தொற கண்ணு."

"யாரும்மா வந்திருக்கா?"

"குடிச்சிட்டுப் பேசு."

மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். மறுபடி தட்டினார்கள், இந்தத் தடவை கொஞ்சம் பலமாக. அவள் ஸ்பூனை மகளின் நாக்கில் இன்னொரு தடவை வழித்துக் கொடுத்தாள். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு நுரை ததும்பும் பாட்டிலை அவர் கைக்கு எட்டாமல் தானே எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.